கயிற்றுக்கு இந்தப் பக்கம்: முதல் குத்துச்சண்டைக்கு முந்தைய குறிப்புகள்

ஜனவரி 8

அனுமதி வந்துவிட்டது. அமெச்சூர் குத்துச்சண்டை, ஒரே மாலையில் ஆண்கள், பெண்கள் எனப் பல போட்டிகள். இடம் மேடையை ஒட்டியே. நான் இதுவரை எடுத்ததெல்லாம் கால்பந்தும் தடகளமும்தான். அங்கே எட்ட நின்று நீள லென்ஸில் இழுத்துப் பிடிப்போம். இங்கே ஆளே என் மடியில் வந்து விழலாம்.

முதல் வேலையாக விதிகளைப் படித்தேன். சுற்றுக்கு 3 நிமிடம், மொத்தம் 3 சுற்று, இடையில் 1 நிமிட ஓய்வு. ஆக ஒரு போட்டிக்கு 9 நிமிடம், அதுவும் நடுவர் பாதியில் நிறுத்தாவிட்டால். கயிறுகளுக்குள் பக்கத்துக்கு 6.1 மீட்டர். மேடையோரம் உட்கார்ந்தால் 70-200 மி.மீ. நீள லென்ஸ் பல நேரம் அதிகம். எதிர் மூலையில் கட்டிப் புரண்டால் 24-70 மி.மீ. அகல லென்ஸ் போதாது. அடிக்கு நடுவே லென்ஸ் மாற்றுவதெல்லாம் நடக்காது. இன்னொரு கேமரா இரவல் கேட்டாக வேண்டும்.

ஜனவரி 11

இன்று முழுக்க ஒளிதான். பிளாஷ் கிடையாது. வீரரின் கண்ணில் அடித்தால் அந்த அரை நொடியில் அவர் வாங்கும் குத்துக்கு யார் பொறுப்பு? லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8-க்கு முழுதாகத் திறந்து, ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு 3200-லிருந்து 6400 வரை. படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரட்டும். இரைச்சலைக் குறைக்க வழி உண்டு, அசைவில் கலங்கிப்போன கையுறையைச் சரிசெய்ய வழியில்லை.

எனக்குப் பயம் எல்இடி விளக்குகள்தான். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் மலிவான விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120. கண்ணுக்குத் தெரியாது. 1/1000-ல் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு கீற்றுதான் படத்தில் விழும். அதனால் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளுத்தும் ஒன்று மங்கியும், நிறம்கூட மாறியும் இருக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். ஆகவே மெக்கானிக்கல் ஷட்டர், கூடவே ஒளித் துடிப்பு குறைக்கும் வசதியை இயக்கிவிட வேண்டும். தொடர்படத்தின் வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவு, முழுக்க மேனுவல். பின்னணியில் ஒரு கணம் இருட்டு, மறுகணம் விளக்கு. தானியங்கியை நம்பினால் அது ஆட்டம் போடும்.

ஜனவரி 15

பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே பயிற்சியாளர் கை காட்டி நிறுத்தினார். “அது அப்புறம் தம்பி. முதல்ல காலைப் பாருங்க.”

பார்த்தேன். ஆர்தடாக்ஸ் எனும் வழக்கமான நிலையில் வீரரின் இடது கால் முன்னால் இருக்கும். மார்பு அவருடைய வலப்பக்கம் திரும்பியிருக்கும். சவுத்பா, அதாவது வலது காலை முன்வைப்பவர் என்றால் எல்லாம் தலைகீழ். இதிலிருந்து எனக்குக் கிடைத்த கணக்கு இது. இரண்டு ஆர்தடாக்ஸ் மோதும்போது, பக்கவாட்டில் இருக்கும் எனக்கு ஒருவரின் மார்பும் இன்னொருவரின் முதுகும் தெரியும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இதே கதைதான். ஆர்தடாக்ஸும் சவுத்பாவும் மோதினாலோ ஒரு பக்கத்துக்கு இரண்டு மார்பும் கிடைக்கும், எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு முதுகு. அவர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் என் முறை வரும்வரை விரலை அடக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் ருசி. என்னைப் பார்த்து மார்பைத் திருப்பி நிற்கும் ஆர்தடாக்ஸ் வீரர் ஜாப் (முன்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து) வீசினால் அவர் முகம் முழுதாகத் தெரிகிறது, நீளும் இடக்கை அந்தப் பக்கத்தில் இருப்பதால். அவரே பின்னால் இருக்கும் வலக்கையால் கிராஸ் எனும் நேர்க்குத்தைப் போட்டால் வலது தோள் மேலேறித் தாடையை மறைத்துவிடுகிறது. ஆனால் அவரது இடது ஹுக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) விழுந்தால், வாங்குபவரின் தலை என் பக்கம் திரும்புகிறது. முதுகு காட்டிக்கொண்டிருந்தவரின் முகம் ஒரு கணம் எனக்குக் கிடைக்கிறது. எனக்கு வேண்டிய படம் அது.

கேமரா மெனுக்களில் தடவிய நேரத்தைவிட இந்த ஒரு மாலை பெரிது.

ஜனவரி 16

1965 மே 25, அமெரிக்காவின் லூயிஸ்டன். முகமது அலி, விழுந்து கிடக்கும் எதிராளி லிஸ்டனுக்கு மேலே கையை மடக்கி நிற்கும் படத்தை, புகைப்படக்காரர் நீல் லீஃபர் எடுத்ததை, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். எடுக்கும்போது லீஃபருக்கு வயது 22. அலியின் கால்களுக்கு நடுவே எதிர்ப்பக்கத்தில் ஒரு புகைப்படக்காரர் தெரிகிறார். அவர் ஹெர்ப் ஷார்ஃப்மன், அனுபவசாலி, லீஃபரின் அதே பத்திரிகைக்காரர். அந்தக் கணத்தில் அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. நேற்றைய கால் கணக்கு ஜாம்பவான்களையும் விடவில்லை. லீஃபருக்கு அதிர்ஷ்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய பிளாஷ் விளக்குகள் மீண்டும் மின்னேற நேரம் எடுக்கும், அடுத்த படம் உடனே கிடைக்காது. இருந்த ஒன்றை அவர் வீணாக்கவில்லை.

ஜனவரி 19

மறுபடி ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டை, இம்முறை கேமராவோடு. என்னுடையது கண்ணாடி உள்ள பழைய வகை. படம் பதியும் கணத்தில் கண்ணாடி மேலே போய், நான் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருண்டுவிடும். குத்து விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்றால் அது படத்தில் இல்லை. எனவே குத்தைப் பார்த்து அழுத்தக் கூடாது, குத்து கிளம்பும்போது அழுத்த வேண்டும். ஜாப் நீளும்போதே விரலை வைத்தால் பின்னால் வரும் கிராஸ் தொடர்படத்தில் விழுகிறது. ஹுக்குக்கு முன் முன்காலில் எடை இறங்கி இடுப்பு லேசாகச் சுருள்கிறது. காதும் உதவுகிறது: குத்தோடு சேர்ந்து “ஷ்ஷ்” என்று மூச்சை விடுகிறார்கள், சிலருக்கு அது கையை முந்துகிறது.

ஃபோகஸ் கயிற்றில் ஒட்டிக்கொள்வதும் நடுவரின் வெள்ளைச் சட்டைக்குத் தாவுவதும் ஓயாத தொல்லை. ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றி, தாவும் வேகத்தையும் குறைத்தேன். லென்ஸ் கீழ்க் கயிற்றுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே. கயிற்றைத் தொடக் கூடாது, மேடை விளிம்பில் எதையும் வைக்கவும் கூடாது. வீரரின் கால் அங்கேதான் வந்து நிற்கும்.

ஜனவரி 22

ஒலிம்பிக்கில் 2016 முதல் ஆண்களுக்குத் தலைக்கவசம் இல்லை, பெண்களுக்கு உண்டு. தலைக்கு நேர்மேலே விளக்கு இருந்தால் கவசத்தின் நிழலில் கண் மறைந்துபோகும். தாழ உட்கார்ந்து, அவர்கள் முகத்தை நிமிர்த்தும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். பெண்கள் போட்டிக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டுவதாக இருக்கிறேன்.

விழுந்தவரை எடுப்பதா? எடுப்பேன், அதுவும் போட்டியின் ஒரு பகுதிதான். மருத்துவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தால் கேமரா கீழே. இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

ஜனவரி 24

பையில்: முழங்கால் பட்டை, கறுப்புச் சட்டை, லென்ஸ் துடைக்கப் பல துணிகள். வியர்வையும் ரத்தமும் தண்ணீரும் தெறிக்கும் என்று பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு கேமராவின் கடிகாரமும் நொடி பிசகாமல் ஒன்றாக வைத்தாயிற்று. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் போட்டிப் பட்டியலைப் படமெடுத்துக்கொள்வேன். சிவப்பு மூலை யார், நீல மூலை யார் என்று நள்ளிரவில் நினைவிலிருந்து எழுதுவது ஆபத்து.

ஜனவரி 25

இடம் தெரிந்துவிட்டது. நீல மூலைக்கு அருகே, மதிப்பெண் போடுபவரின் பார்வையை மறைக்காத ஓரம். பக்கவாட்டு நடுவைத்தான் கேட்டிருந்தேன். பரவாயில்லை, ஓய்வு நிமிடத்தில் ஸ்டூலில் உட்காரும் முகம் கையெட்டும் தூரம். அதற்கு 24-70.

பட்டியலில் இருப்பவர்களின் பழைய காணொளிகளைப் பார்த்து இரண்டு சவுத்பாக்களைக் குறித்துவைத்திருக்கிறேன். மற்ற போட்டிகளில் நீல மூலைக்காரர் மார்பை என் பக்கம் திருப்பினால் இடது ஹுக்குக்குக் காத்திருப்பேன். முதுகைக் காட்டினால் ஜாபுக்கு எதிராளியின் முகம். முதல் போட்டி வெள்ளோட்டம், அதில் ஒன்றும் தேறாவிட்டாலும் கவலையில்லை. படங்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்பிய பிறகே அடுத்த பதிவு.