எத்தனை முறை தாங்கும்?

2004இல் பணியில் சேர்ந்தபோது எனக்கு அமைந்த இடம் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய பகுதி. அங்கும் திருநெல்வேலிச் சீமையிலும் இருந்த துணை மின் நிலையங்களில் பழுது கண்டால் மின்பாதையைத் துண்டிக்கச் செய்யும் ரிலேக்களைச் சோதிப்பதும், அவை எந்த அளவில் செயல்பட வேண்டும் என்ற செட்டிங்குகளைக் கணக்கிட்டுத் தருவதும் ஒன்பது ஆண்டுகள் என் வேலையாக இருந்தன. வைகாசி பிறந்து காற்று எழும்பிவிட்டால் புரட்டாசி வரை எங்களுக்கு உறக்கம் குறைவு. அன்றைய சிறிய காற்றாலைகளில் பல எளிய தூண்டல் மின்னாக்கிகளைக் கொண்டவை. மின்சாரத்தைத் தந்துகொண்டே, தம் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை மின்தொகுப்பிலிருந்து இழுத்துக்கொள்பவை. எங்கோ ஒரு பாதையில் பழுது ஏற்பட்டு மின்னழுத்தம் கணநேரம் சரிந்தாலும் ஒரு பீடரில், அதாவது ஒரே மின்பாதையில், இணைந்த காற்றாலைகள் அத்தனையும் சேர்ந்தாற்போல் டிரிப் ஆகித் துண்டித்துக்கொண்ட நாள்கள் உண்டு. காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் இல்லாமற்போவது அந்த வயதில் எனக்குப் பெரும் வருத்தமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விண்ணப்பித்தபோது, பொறியாளர் என்று ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு என் பணி அனுபவத்திலிருந்து மூன்று நிகழ்வுகளை நீண்ட கட்டுரைகளாக எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ‘நான்’ என்ன செய்தேன் என்று தன்மை ஒருமையில் எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் அலுவலகக் கோப்புகளிலோ ‘ஆய்வு செய்யப்பட்டது’, ‘சரிசெய்யப்பட்டது’ என்றுதான் எழுதிப் பழக்கம்; செய்தவர் யார் என்பது வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. அந்த மூன்று கட்டுரைகளை எழுதிய இரண்டு மாதங்களில்தான் எந்த முடிவை நானே எடுத்தேன், எதை மேலதிகாரி சொன்னதற்காகக் கேள்வியின்றிச் செய்தேன் என்பதைப் பிரித்தறிந்தேன். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பயிற்சி அதுவென்றே இன்றும் கருதுகிறேன்.

2014இன் தொடக்கத்தில் அடிலெய்டுக்கு வந்தேன். உள்ளூர் அனுபவம் இல்லை என்ற பதிலே பல நேர்காணல்களில் கிடைத்தது. ஓராண்டுக்கு மேல் கட்டடங்களுக்கான மின் வரைபடங்கள் வரைந்த பிறகு, உயர் அழுத்தப் பாதைகளின் பாதுகாப்பு ரிலேக்களைக் கவனிக்கும் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் இடம் கிடைத்தது.

2016 செப்டம்பர் 28 அன்று பிற்பகல் 3.48 மணிக்குத் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருண்டது, ஏறத்தாழ 8.5 லட்சம் மின் இணைப்புகள் அணைந்தன. வடக்கே சூறாவளிக் காற்று மின்கோபுரங்களைச் சாய்த்ததால் 275 கிலோவோல்ட் பாதைகள் மூன்று அறுந்தன. கோபுரங்கள் சாய்ந்ததே முழுக் காரணம் என்று அன்றிரவு பலரும் பேசினார்கள். காற்றாலைகளை நம்பியதே குற்றம் என்றும் பேசினார்கள். விசாரணை அறிக்கையைப் படித்தபோது இரண்டுமே போதாத விளக்கங்கள் என்று புரிந்தது. சுமார் இரண்டு நிமிடங்களுக்குள் மின்னழுத்தம் 6 முறை சரிந்து மீண்டிருக்கிறது. காற்றாலைகளும் அவற்றைத் தாங்கத்தான் செய்தன. ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுகளைத்தான் தாங்க வேண்டும், அதற்கு மேல் உற்பத்தியைக் குறைத்துவிட வேண்டும் என்று ஓர் எண் அவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளில் பதிந்திருந்தது. அந்த எண் எட்டப்பட்டதும் 9 காற்றாலைத் தொகுதிகளிலிருந்து 456 மெகாவாட் சில நொடிகளில் குறைந்தது. அந்தப் பற்றாக்குறை முழுவதும் அண்டை மாநிலமான விக்டோரியாவிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் ஹேவுட் இணைப்பின் மேல் விழ, அது தன்னைக் காத்துக்கொள்ளத் துண்டித்துக்கொண்டது. பிறகு, உற்பத்தி போதாமல் மின்தொகுப்பின் அதிர்வெண் விழுந்த வேகத்தில், மின் நுகர்வுச் சுமையைப் படிப்படியாகக் கழற்றிவிட வேண்டிய ரிலேக்களுக்குச் செயல்பட நேரமே இருக்கவில்லை. என்னைப் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் செட்டிங் போட்டுவைக்கும் அதே வகை ரிலேக்கள் அவை.

அப்படி ஓர் எண் இருப்பதே மின்தொகுப்பை இயக்கியவர்களுக்கு அதுவரை தெரியாது என்பதுதான் என்னை மிகவும் உலுக்கியது. ஆரல்வாய்மொழியில் என் காற்றாலைகளுக்குத் தாங்கும் வலுவே இல்லை. இங்கே வலு இருந்தது; அதன் எல்லையை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செட்டிங்குகள் விரைவிலேயே மாற்றப்பட்டன. 2017 டிசம்பரில் ஜேம்ஸ்டவுனுக்கு அருகே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதி இயங்கத் தொடங்கி உலகெங்கும் பெயர் பெற்றது. அதைவிட என் மனத்துக்கு நெருக்கமானவை, 2021இல் டாவன்போர்ட்டிலும் ராபர்ட்ஸ்டவுனிலும் பணிக்கு வந்த நான்கு சின்க்ரனஸ் கண்டென்சர்கள். மின்சாரம் உற்பத்தி செய்யாமல், எரிபொருள் எதுவும் இன்றி, கனமான சக்கரத்துடன் இடைவிடாது சுழல்வதே அவற்றின் பணி. மாநிலத்தின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2016 மே மாதம் மூடப்பட்டபோது மின்தொகுப்பு இழந்த, அதிர்வெண் சட்டென விழாமல் காக்கும் சுழற்சியின் ஒரு பகுதியை அவை திருப்பித் தருகின்றன. இன்று இம்மாநிலத்தின் ஆண்டு மின் உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்றும் வெயிலும் தருபவை.

சென்ற மாதம், என்னிடம் பயிற்சிப் பொறியாளராக இருந்தவர் ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து அழைத்தார். பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்துகிறார்களாம். “டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் பாஸ் ஆயிட்டு, சார்” என்றார். “ரெண்டு நிமிஷத்துக்குள்ள எத்தனை தடவை தாங்கும்னு போட்டிருக்காய்ங்களா?” என்று கேட்டேன். தாள்களைப் புரட்டும் ஓசை கேட்டது. “இதுல இல்ல சார், கேட்டு வாங்கிருதேன்.” நான்கு நாள் கழித்து அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார், எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தது.