மூன்றாவது தலையணை

இன்று காலை அப்பா எடை மெஷினில் ஏறினார். நேற்றைவிட ஒரு கிலோ கூட. "தண்ணி சேருது" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார், ஏதோ கணக்கு எழுதுவதுபோல.

அவர் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுவது, தன்னுள் நிரம்பும் ரத்தத்தில் 25 சதவீதம்தான். 55க்கு மேல் இருக்க வேண்டியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டு தலையணை இப்போது மூன்று.

சாவு என்ற சொல்லைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போவது நாங்கள்தான். அவர் போன வாரம் டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "நெஞ்சுல வெச்சிருக்கிற இந்தப் பெட்டி, நான் போற நேரத்துலயும் ஷாக் அடிக்குமா?"

இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி அது. அடிக்கலாமாம். வேண்டாமென்றால் கடைசிக் கட்டத்தில் ஷாக்கை மட்டும் நிறுத்திவைக்கலாம். ஆபரேஷன் எதுவும் தேவையில்லை, அதை நிறுத்தியதால் உடனே உயிரும் போய்விடாது. எங்களில் யாருக்கும் இதைக் கேட்கத் தைரியம் வந்திருக்காது.

அவருக்குச் சாவு பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம், மூச்சுக்குத் திணறும் அந்த ராத்திரி 2 மணி. விளக்கைப் போடாதே என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

எடை நோட்டு முடியப்போகிறது. புதுசு வாங்கி வரச் சொன்னார்.

200 பக்கமாம்.