கார் கூரையைக் கழற்றி மாட்டும்படி மாற்றுவது: வெட்டுவது கடைசி வேலை

காரின் கூரையைக் கழற்றி மாட்டும்படி மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எங்கே வெட்டணும்?" என்றுதான். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. வெட்ட ஒரு மணி நேரம் போதும். அதன்பின் கதவு ஒழுங்காக மூடுமா, முன்கண்ணாடி விரிசல் விடுமா, மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் உதறுமா என்பதெல்லாம், வெட்டுவதற்கு முன் வண்டியின் அடியில் என்ன வேலை செய்தோம் என்பதைப் பொறுத்தது.

தனி சேஸிஸ் (பாரத்தைச் சுமக்கும் அடிச்சட்டம்) உள்ள ஜீப் வகை வண்டிகளை விட்டுவிடுவோம். அவற்றில் கூரை பெரும்பாலும் போல்ட்டில் நிற்கும் மூடிதான். மோனோகாக் காரில் தரை, கதவுக்குக் கீழே ஓடும் சைடு சில், கூரையைத் தாங்கும் பில்லர்கள் (முன்கண்ணாடி ஓரத்தில் நிற்பது ஏ-பில்லர், முன்கதவுக்குப் பின்னால் நிற்பது பி-பில்லர்), கூரை எல்லாம் சேர்ந்த பெட்டியே சேஸிஸ். மூடிய பெட்டி முறுக்கைத் தாங்கும், திறந்தது தாங்காது. 100 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. சுவர்த் தடிமனும் உள்ள ஒரு குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுத்துப் பாருங்கள். எடை குறையாது, வளைவைத் தாங்கும் பலமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். முறுக்கை எதிர்க்கும் விறைப்பு மட்டும் ஏறத்தாழ 3,300இல் ஒரு பங்காக விழுந்துவிடும். காரில் நிலைமை இவ்வளவு மோசமாவதில்லை. சைடு சில்லும், தரையின் நடுவில் மேடாக ஓடும் டனலும் தனித்தனிச் சிறு பெட்டிகளாக மிஞ்சுகின்றன. பெரிய பெட்டி போனதற்கு ஈடாக இந்தச் சிறு பெட்டிகளைப் பெரிதாக்கி, ஒன்றோடொன்று இறுகக் கட்டுவதுதான் மொத்த வேலையும்.

பெரிய கம்பெனிகளும் இதில் திணறியிருக்கின்றன. செவ்ரலே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் 1968 மாடலுக்குக் கூரை முழுவதையும் ஒரே பலகையாகக் கழற்றுவதாகத்தான் திட்டம். தனி சேஸிஸ் இருந்தும் பாடி முறுகியதால் நடுவில் ஒரு சட்டத்தை விட வேண்டியதாயிற்று. டி-டாப் அங்கே பிறந்தது அப்படித்தான். 1984 மாடலில் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். பதிலுக்கு சைடு சில்லை ஏறி இறங்கச் சிரமப்படும் அளவுக்கு உயர்த்தி, கூரைப் பலகையை ஸ்பேனர் போட்டு முடுக்கும் போல்ட்டுகளில் வைத்தார்கள். வீட்டு ஷெட்டில் வேலை செய்பவர்களுக்கு என் சிபாரிசு டி-டாப்தான்: முன்கண்ணாடிச் சட்டத்திலிருந்து பின் வளைவு வரை நடுச்சட்டம் அப்படியே இருக்கட்டும், இருபக்கமும் ஒவ்வொரு பலகை. அடுத்தது டார்கா: பி-பில்லர் வளைவை விட்டுவிட்டு அதற்கு முன்னால் உள்ளதை மட்டும் எடுப்பது. எல்லாவற்றையும் வழித்தெடுத்து முழுத் திறப்பாக்குவது அனுபவமுள்ள பட்டறைக்குரிய வேலை.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிகிறது. இரண்டு கதவு கூப்பேயாக இருக்கட்டும். நான்கு கதவு வண்டியில் பி-பில்லர் நடுவில் ஒண்டியாக நிற்கும். கூரை போனால் அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. கூரை ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் காற்றுப்பை) உள்ள வண்டியைத் தொடவே வேண்டாம். கூரை விளிம்புக்குள் அழுத்த வாயு நிரப்பிய உருளை இருக்கும், அதன் மேல் பிளேடு பட்டால் வெடிக்கும். புதிய கார்களில் பில்லர்கள் பெரும்பாலும் சூட்டில் அச்சில் அழுத்தி உருவாக்கிய போரான் ஸ்டீல். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் பலம் இறங்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. சைடு சில்லை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம். எந்த ஊராக இருந்தாலும் வாகனப் பதிவு அலுவலகத்தின் அனுமதியும் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலும் முன்கூட்டியே வாங்க வேண்டியவை.

அடுத்தது அளவெடுப்பு. இதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். பிறகு "முன்னைவிட ஆடுதா, இல்ல மனசுக்குத்தான் அப்படிப் படுதா" என்று குழம்புவதும் அவர்களே. ஸ்பிரிங்கும் டயரும் கணக்கில் வரக் கூடாது. பின் சஸ்பென்ஷன் பாடியில் மாட்டும் இடங்களை ஸ்டாண்டில் வைத்து இறுகக் கட்டுங்கள். முன் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள் இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு கனத்த சட்டம் போட்டு, அதன் நடுவை ஒரே அச்சில் தாங்குங்கள். நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி 100 கிலோ தொங்கவிட்டால் முறுக்கு விசை 981 நியூட்டன் மீட்டர். 1 மீட்டர் இடைவெளியில் இருபுறமும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்தால் ஒன்று ஏறும், மற்றொன்று இறங்கும். இரண்டும் சேர்ந்து 1.75 மி.மீ. காட்டினால் பாடி 0.1 டிகிரி முறுகியிருக்கிறது, அதாவது டிகிரிக்கு 9,810 நியூட்டன் மீட்டர். பின் ஸ்டாண்டு பக்கமும் கேஜ் வைத்து, அங்கே காட்டும் அசைவைக் கழித்துவிடுங்கள். ஒருமுறை பாரம் ஏற்றி இறக்கி, சந்துகள் படிந்த பிறகு எடுக்கும் அளவே நம்பத் தகுந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே, கதவின் நடுவில், பி-பில்லர் அடியில் என்று நாலைந்து இடத்தில் அளந்து வையுங்கள். வெட்டியபின் எந்த இடத்தில் முறுக்கு திடீரென்று தாவுகிறதோ அதுதான் பலவீனமான மூட்டு. எல்லா வேலையும் முடிந்தபின் பழைய விறைப்பில் முக்கால் பங்காவது திரும்பி வர வேண்டும்.

இதோடு கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளையும், கதவு வாயின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

பிறகு தற்காலிகச் சட்டங்கள். 40×40×3 மி.மீ. சதுரக் குழாயை ஏ-பில்லரிலிருந்து பி-பில்லருக்கு இருபக்கமும், பி-பில்லரிலிருந்து எதிர்ப் பி-பில்லருக்குக் குறுக்கேயும் டேக் வெல்டு (பிறகு அறுத்தெடுக்கும்படி அங்கங்கே புள்ளியாக மட்டும் போடும் வெல்டு) செய்யுங்கள். சட்டம் உள்பக்கமாக இருக்க வேண்டும், அப்போதுதான் கதவை மாட்டி மூடிப் பார்க்க முடியும். கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெல்டிங் செய்தால், கடைசியில் கதவுக்கேற்ற வாய் இருக்காது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), சீட் பெல்ட், முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தீப்பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும், எந்தப் பாலிஷுக்கும் போகாது.

இனி சைடு சில். 100×50×3 மி.மீ. செவ்வகக் குழாயை 100 மி.மீ. பக்கம் நெட்டுக்குத்தாக, தரையும் உள் சில்லும் சேரும் மூலையில், கேபினுக்குள் போடுவது எளிய வழி. மீட்டருக்கு 6.7 கிலோ; பக்கத்துக்கு 1.6 மீட்டர் என்றால் மொத்தம் 21 கிலோ ஏறும். தடிமனைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதில்தான் லாபம்: அதே அகலத்தில் உயரத்தை இரட்டித்தால் வளைவு விறைப்பு நாலு மடங்குக்கும் மேல் ஏறும், எடையோ இரண்டு மடங்குகூட ஆகாது. சீட் ரெயிலுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் சீட்டை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் நடுவைவிட அதன் இரண்டு முனைகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். முன் முனை, கதவுக் கீல் நிற்கும் ஏ-பில்லர் பாதத்தோடு 3 மி.மீ. முக்கோணத் தகடுகளால் இணைய வேண்டும். பின் முனை பின்சீட்டுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தோடு. வெறும் தரைத் தகட்டில் சட்டென்று முடிந்தால் கனத்த குழாய் வளையாது, அது முடிகிற இடத்தில் உள்ள 0.8 மி.மீ. தகடு கிழியும். முனையை 80-100 மி.மீ. நீளத்துக்குச் சரிவாக வெட்டி, பாரம் படிப்படியாக இறங்க வழி செய்யுங்கள். மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் வகை) 0.8 மி.மீ. கம்பி போதும். ஆர்க்கைத் தடித்த குழாய் மேல் பிடித்து, மெல்லிய தகட்டை லேசாக நனைப்பதுபோல் கொண்டுவர வேண்டும். 25 மி.மீ. போட்டு 25 விட்டு, இடம் கொஞ்சம் வலம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே போனால் சூடு அந்தப் பக்கத்தையே சுருக்கிவிடும். உள்ளே துத்தநாக பிரைமர், முடிந்தபின் கேவிட்டி வேக்ஸ் (உட்குழிவில் தெளிக்கும் துருத் தடுப்பு மெழுகு), அடியில் வடிகால் துளை. இதில் சோம்பல்பட்டால் சைடு சில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

அடுத்து டாஷ்போர்டுக்கு அடியில், இரண்டு ஏ-பில்லர் பாதங்களையும் இணைத்து 38 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவரும் உள்ள குழாய்; அதன் நடுவிலிருந்து டனலுக்கு ஒரு கால். கூரையில்லாக் கார்களில் ஸ்டீயரிங்கும் ரியர்வியூ கண்ணாடியும் கிடுகிடுப்பது பெரும்பாலும் இந்த இடம் தளர்வதால்தான். ரப்பர் பட்டையில் நிற்கும் முன்கண்ணாடி விறைப்பு தராது. யூரிதேன் பசையில் ஒட்டிய கண்ணாடி தரும். ஆனால் சட்டம் முறுகினால் அதே கண்ணாடி மூலையிலிருந்து விரியும்.

சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பின் வளைவுக்கு 45×2.5 மி.மீ. தையலில்லாக் குழாய். பந்தயக் கார்களுக்கு எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதிகள் கேட்கும் குறைந்தபட்ச அளவுகளில் ஒன்று அது, அதற்குக் கீழே போக வேண்டாம். பாதத்தில் 3 மி.மீ. தகடு, குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பு. வளைவிலிருந்து பின்னோக்கி இறங்கும் தாங்கு கால்கள் செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குக் குறையாமல் சாய வேண்டும். சீட்டுக்குப் பின்னால் 1.2 மி.மீ. தகட்டுச் சுவர் ஒன்றை மூலைவிட்ட மடிப்போடு அடைத்தால், அந்த வெட்டுமுகம் சாய்ந்து சாய்சதுரமாக முடியாது. விலைக்குக் கிடைக்கும் பலன் இதில்தான் அதிகம் என்பேன்.

தரைக்கு அடியில் 30×30×2 மி.மீ. குழாயில் ஒரு எக்ஸ் சட்டம். டனலின் திறந்த அடியை 3 மி.மீ. தகடுகளால் மூடுங்கள். கியர்பாக்ஸ் இறக்க வேண்டுமே, அதனால் 10.9 என்ற உயர்பலத் தரத்தில் 10 மி.மீ. (எம்10) போல்ட்டில் மாட்டுங்கள். துளை தளர்வாக இருந்தால் எக்ஸ் இருந்தும் இல்லாததுபோல்தான்.

இப்போது வெட்டலாம். ஆனால் அதற்கு முன் கூரையின் மேலேயே அச்சு எடுத்துவிடுங்கள்: மெழுகு பூசி, ஜெல்கோட் (மேற்பரப்புக்கான ரெசின் பூச்சு) தடவி, ஃபைபர் அச்சு. வெட்டிய கூரைத் தகடு இழுவிசை விட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும். அதன் மேல் எடுத்த அச்சு திரும்பப் பொருந்தாது. வெட்டும்போது ஓரத்தில் 25 மி.மீ. விளிம்பு விட்டு, 1 மி.மீ. கட்டிங் வீலால் வெளித் தகடு முதலில், உள் தகடு பிறகு. பிளேடு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். சஸ்பென்ஷன் புள்ளிகளில் நிற்கும் பாடியில் கூரை அமுக்க விசையில் இருக்கும். வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால் நடு இறங்குகிறது என்று பொருள், சைடு சில் போதவில்லை. நிறுத்தி இன்னும் வலுவூட்டுங்கள். ஜாக்கியால் தூக்கி நேராக்கிப் பட்டி போட்டு மறைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

பலகைக்கு, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு, 5 மி.மீ. ஃபோம், மீண்டும் இரண்டு அடுக்கு. ஒரு சதுர மீட்டருக்கு ரெசினோடு சேர்த்து சுமார் 5-6 கிலோ வரும், ஒருவரே தூக்கலாம். இந்தப் பலகை பாடியின் பாரத்தைச் சுமக்கக் கூடாது. பாதி சுமந்து பாதி நழுவும் பலகை ஒவ்வொரு குழியிலும் முனகும், லாக்கைத் தேய்க்கும். முன்னால் இரண்டு 10 மி.மீ. முளைகள், நைலான் புஷ்ஷில். பின்னால் இழுத்து இறுக்கும் லாக், அதற்கு ஒரு இரண்டாம் கொக்கி. மற்றபடி ரப்பரில் மிதக்கட்டும். கொக்கி ஏன் என்றால், 120 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பலகையைக் காற்று 50 முதல் 70 கிலோ அளவில் மேலே உறிஞ்சும். 160 கி.மீ. என்றால் அதைப்போல் 1.8 மடங்கு.

ரப்பர், ஈபிடிஎம் (வெயில் மழை தாங்கும் செயற்கை ரப்பர்) ஸ்பாஞ்ச் பல்ப், 15 மி.மீ.; மூடும்போது மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். மூலையில் வெட்டி ஒட்டாதீர்கள், ஒழுகுவது அங்கேதான். ஒரே துண்டாகச் சுற்றி, இணைப்பைப் பின் ஓரத்தின் நடுவில் வையுங்கள். ரப்பரைத் தாண்டியும் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். அதற்கு உள்ளே ஒரு காடி, ஏ-பில்லர் வழியாக இறங்கும் 10 மி.மீ. குழாய்.

தற்காலிகச் சட்டங்களை எடுக்கும்போது கடைசி டேக்கை அறுத்த நொடியில் சட்டம் துள்ளினால், பாடி இன்னும் அதன் மேல் சாய்ந்திருக்கிறது. துள்ளாவிட்டால் முறுக்குச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஒரு முன் சக்கரம் தரையை விடும் வரை ஜாக்கி ஏற்றிக் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி 1 மி.மீ.க்குள் மாறினால் நல்லது. 2 என்றால் ஏ-பில்லர் பாதத்தைத் திரும்பப் பாருங்கள், 3 என்றால் சாலைக்கு எடுக்காதீர்கள். ஓட்டத் தொடங்கி 500 கி.மீ. ஆனதும் விரிப்பை விலக்கி, செவ்வகக் குழாயின் பின் முனையையும் ஏ-பில்லர் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் இருந்தால் முதலில் பெயிண்டில்தான் தெரியும். அதன் நுனியில் 3 மி.மீ. துளையிட்டு நிறுத்தி, விரிசலைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பெரிய தகடு வைத்து வெல்டு செய்யுங்கள்.