பேரை ஏன் மறைக்கிறியள்?

காற்றும் நீரோட்டமும் பார்த்து யாழ் கடல்நீரேரியில் தொழிலுக்குப் போகும் முறைதான் என் முதுகலை ஆய்வு. 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் தேடினால் பழைய மலர்களும் சஞ்சிகைகளும் வந்தன. ஆனால் சோளகக் காற்று எழும்ப முன்னம் என்னென்ன குறி தெரியும் என்பதைக் குருநகரில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஓர் அப்புதான் சொன்னார்.

சரி, அவரை எப்படி மேற்கோள் காட்டுவது? துறை கேட்டது ஏ.பி.ஏ. (APA) என்ற மேற்கோள் முறையின் 7ஆம் பதிப்பு. அதில் நேரில் கேட்டறிந்தது 'தனிப்பட்ட தொடர்பாடல்'. முதலெழுத்து, பெயர், திகதி எல்லாம் வாக்கியத்தோடே வரும், உசாத்துணைப் பட்டியலில் வராது. வாசகர் தேடி எடுத்துப் பார்க்க அங்கே எதுவும் இல்லை என்பதுதான் காரணம். எம்.எல்.ஏ. (MLA) என்ற இன்னொரு மேற்கோள் முறை என்றால் நேர்காணலைப் பட்டியலிலேயே சேர்க்கலாம்.

மேற்பார்வையாளர் இன்னொன்று கேட்டார்: "அவர் உமக்குச் சொல்லித்தந்தவரோ, நீர் ஆராய்ஞ்ச ஆளோ?" ஆய்வில் பங்கேற்றவரின் பேச்சு தரவாகிவிடும். அதைத் தனிப்பட்ட தொடர்பாடலாகக் காட்டக்கூடாது, பெயரையும் மறைக்கவேண்டும். நெறிமுறைக் குழு அனுமதித்த ஒப்புதல் படிவமும் அப்படித்தான் சொன்னது.

படிவத்தை வாசித்துக் காட்டினேன். அப்பு ஊசியை நிறுத்தினார். "பேரை ஏன் பிள்ளை மறைக்கிறியள்? நான் களவே எடுத்தனான்?"

நியாயமான கேள்வி. புத்தகம் எழுதியவருக்குப் பெயர், கடலைப் படித்தவருக்கு வெறும் இலக்கமா? விரும்புகிறவர்களைத் தனிக் கையொப்பம் வாங்கிப் பெயரோடு காட்ட அனுமதி கேட்டுக் குழுவுக்கு எழுதினேன். இழுத்தடித்துத்தான் தந்தார்கள். அப்புறம் அப்புவைப் பங்கேற்பாளர் வரிசையிலிருந்து எடுத்து, சொல்லித்தந்தவராகவே காட்டினேன்.

எல்லோருக்கும் இது சரிவராது. 2017இல் சட்டம் தடைசெய்த, கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை பற்றி மனம்விட்டுக் கதைத்தவர்கள் சம்மதித்தாலும் பெயர் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். பெயரை மறைத்துவிட்டு 'சங்கத்தின் முன்னாள் தலைவர்' என்று எழுதினாலும் போச்சு, எங்கள் ஊரில் ஆளைப் பிடிக்கப் பத்து நிமிடம் போதும். அந்த விபரங்களையும் வெட்டினேன்.

கடைசியில் அப்புவுக்கு அவருடைய பகுதியை வாசித்துக் காட்டினேன். பெயர் சரியாம். நீரோட்டத்தின் திசையைத்தான் திருத்தச் சொன்னார். திருத்தம் வேறு நாளில் சொன்னது என்பதால் அந்த வாக்கியத்துக்குப் புதுத் திகதி போடவேண்டி வந்தது.