பக்கவாதத்துக்குப் பிறகு இறுகிய கைக்கு ஊசி: முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

பக்கவாதத்தால் இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் டாக்சின் ஊசிக்குப் போகும்போது "கை சரியாகணும்" என்று சொன்னால் டாக்டருக்கு வழி பிடிபடாது. "நகம் வெட்ட முடியவில்லை, உள்ளங்கையில் அழுக்குச் சேர்ந்து நாறுகிறது, சட்டைக் கை ஏறவில்லை" என்று சொல்லுங்கள். எந்தத் தசையில் போடுவது என்பது அதிலிருந்துதான் முடிவாகும். இந்த ஊசி இறுக்கத்தைத் தளர்த்தும்; போன பலத்தைத் திருப்பித் தராது.

முதலில் மூட்டை நீட்டிப் பார்ப்பார்கள். வேகமாக நீட்டும்போது தடுத்து, மெதுவாக நீட்டும்போது முழுதாக வந்தால் ஊசி பலிக்கும். எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் ஒரே இடத்தில் நின்றால் தசை சுருங்கிக் குட்டையாகிவிட்டது. அங்கே ஊசி மட்டும் போதாது. சந்தேகமென்றால் நரம்பருகே லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைப் போட்டுப் பார்க்கலாம். மரத்திருக்கும் நேரத்தில் எவ்வளவு தளர்கிறது என்று தெரிந்துவிடும். இறுக்கம் திடீரெனக் கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளரும் கால் நகம் ஆகியவற்றைப் பார்க்காமல் ஊசிக்கு ஓடாதீர்கள்.

போடாக்ஸ் என்ற பெயரில் வரும் டாக்சினின் 100 யூனிட் குப்பியில் 2 மில்லி சலைன் (உப்புநீர்) கலந்தால் 0.1 மில்லிக்கு 5 யூனிட். முழங்கையை மடக்கும் பைசெப்ஸுக்கு வழக்கமாக 100 முதல் 200 யூனிட், நான்கு இடங்களில் பிரித்து. விரல்களை மடக்கும் தசை ஒவ்வொன்றுக்கும் 30 முதல் 50, கட்டைவிரலுக்கு 20. மூன்று மாதத்துக்குள் மொத்தம் 400-ஐத் தாண்டுவதில்லை. இன்னொரு டாக்சின் மருந்தான டிஸ்போர்ட்டின் யூனிட் கணக்கே வேறு, ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பார்க்கக் கூடாது. ஆகவே மருந்தின் பெயர், யூனிட், தசை மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். முன்கையில் தசைகள் அடுக்கடுக்காக இருப்பதால் அல்ட்ராசவுண்டோ நரம்புத் தூண்டிக் கருவியோ வைத்துப் போடுவதே நல்லது. கைத்தடவலில் போட்டால் பக்கத்துத் தசைக்குப் போய்விடலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்த்துவிட்டே ஊசி.

இறுக்கத்துக்குப் போடும் இன்னொரு ஊசி மருந்து ஃபீனால். அது மலிவு, உடனே வேலை செய்யும், பல மாதம் நிற்கும். 5 முதல் 7 சதவீதக் கரைசலை நரம்பருகே செலுத்துவார்கள். தொடை உள்பக்க இறுக்கத்துக்கு, அதாவது கால்கள் கத்தரிபோல் பின்னும்போது, நல்ல தேர்வு. உணர்வு நரம்பும் கலந்திருக்கும் இடத்தில் போட்டால் வாரக்கணக்கில் எரிச்சல் படுத்தும்.

டாக்சினின் பலன் அன்றே தெரியாது. சில நாளில் தொடங்கி, நான்காவது வாரம் வாக்கில் உச்சம், மூன்று மாதத்தில் இறங்கும். பலரும் கோட்டைவிடுவது இந்த இடைவெளியைத்தான். தினமும் நீட்டல் பயிற்சி, இரவில் கையை நீட்டி வைக்கும் ஸ்பிளின்ட் பட்டை, பிசியோதெரபி மூன்றும் அப்போதே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் காசு போனதுதான் மிச்சம்.

காலுக்குப் போடுவதென்றால் ஒன்று யோசியுங்கள்: சிலர் அந்த விறைப்பை ஊன்றித்தான் நிற்கிறார்கள். தொடை முன்தசையைத் தளர்த்தினால் முழங்கால் மடங்கி விழுவார்கள்.

அடுத்த ஊசிக்கு 12 வாரமாவது இடைவெளி வேண்டும். அடிக்கடி போட்டால் மருந்துக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகக்கூடும். விழுங்குவதில் சிரமமோ மூச்சுத் திணறலோ வந்தால், ஊசி போட்டுச் சில வாரம் ஆகியிருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.