முட்டம்: 700 ரூபாய் ஆட்டோவும் கரை ஒதுங்கிய வலையும்

குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைக்குப் போய்விட்டு நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். மனசு அந்த வலையிலேயே சிக்கிக் கிடக்கிறது.

முதலில் ஆட்டோ. "முட்டத்துக்கு இனி ஒரு மணி நேரம் பஸ் இல்லை" என்று நாகர்கோவிலில் ஒருவர் அடித்துச் சொல்லி 700 ரூபாய் கறந்துவிட்டார். பாதி வழியில் முட்டம் பஸ் எங்களைத் தாண்டிப் போனது! பச்சை ஏமாற்று. இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அது.

கலங்கரை விளக்கம், பாறைகள், எல்லாம் அழகுதான். பாறைக்குக் கீழே, மணலில், பச்சைத் தங்கூசி வலை (நைலான் நரம்பு வலை) ஒன்று சுருண்டு கிடந்தது. உள்ளே பங்குனி ஆமை என்கிற கடல் ஆமை ஒன்று. செத்து இரண்டு மூன்று நாள் இருக்கும். முன்துடுப்பில் வலையின் நரம்பு எலும்பு வரை அறுத்து இறங்கியிருந்தது. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வலை விட்டிருக்காது. அதைத் தின்ன வந்த நண்டுகள் நாலைந்தும் அதே கண்ணியில் மாட்டி, காலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தன.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் கத்தியோடு வந்தார். கண்ணியை அறுத்து நண்டுகளை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"யாருய்யா இப்படிப் போட்டுட்டுப் போறது?" என்று கோபமாகக் கேட்டுவிட்டேன்.

"வேணும்னு எவன் மக்களே போடுவான்? துட்டு எம்புட்டுன்னு தெரியுமா? பாறையில பிடிக்கும், விசைப்படகு அறுத்துட்டுப் போவும். ஒக்கியில போன வலை எல்லாம் இன்னும் அடியிலதான் கிடக்கும்."

2017 ஒக்கிப் புயலைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. அந்தக் காலத்துப் பருத்தி வலை அறுந்தால் கொஞ்ச நாளில் மக்கிப் போகுமாம். நைலான் மக்காது. ஆளில்லாமலே மீனைப் பிடிக்கும், அந்த மீனைத் தின்ன வருவதையும் பிடிக்கும், நாளைக்கு அவருக்குக் கிடைக்க வேண்டிய மீனையும் சேர்த்துக் கொல்லும். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,40,000 டன் வலையும் தூண்டிலும் கூண்டும் கடலோடு போவதாக 2009இல் ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. ஒரே ஒரு வலையை மேட்டுக்கு இழுக்கவே எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அலைக்கு எட்டுகிற இடத்தில் விட்டால் திரும்பவும் கடலுக்குள் போய்விடும். நீங்கள் எங்கே பார்த்தாலும் மேலே இழுத்துப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் அவர் காட்டிய சின்னக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு... 80 ரூபாய்! இந்தப் பயணத்தில் இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்தான். நீங்களும் பஸ்ஸிலேயே போங்கள்.