நிமிடத்துக்கு 25 சொட்டு

ஜூன் 3
தொப்பூர் கணவாயில் லாரி விபத்து. ஓட்டுநரின் வயிற்றில் ஸ்டீயரிங் இடித்து மண்ணீரல் கிழிந்துவிட்டது. இரவோடு இரவாக வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். இரத்தம் 4 பை, சலைன் என்கிற உப்புநீர் கொஞ்சம்தான். கசிவை அடைக்காமல் சலைனை ஊற்றினால் இருக்கிற இரத்தமும் நீர்த்து, உறையாமல் போகும்.

ஜூன் 4
எடை 60 கிலோ. டிரிப்பில் கிலோவுக்கு 30 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 1800, மணிக்கு 75. எங்கள் டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. ஆக, நிமிடத்துக்கு 25 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து எண்ணி வைத்தேன். சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையக் கூடாது, 40 வந்தது. மூக்குக் குழாயில் வந்த பச்சைத் தண்ணீரை அளந்து தனியாக ஈடுகட்டினோம்.

ஓட்டுநரின் அம்மா பென்னாகரத்துக்காரர். “பக்கத்துக் கட்டிலுக்கு மட்டும் குளுக்கோஸ் மளமளவென்று ஏறுகிறதே, சிஸ்டர்?” என்றார். வேலை அவசரத்தில் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

ஜூன் 5
இரவில் ஓட்டுநரின் மாமா ஒருவர் டிரிப் சக்கரத்தை முழுதாகத் திறந்துவிட்டிருக்கிறார். பாசம்தான், வேறென்ன! நார்மல் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. ஆபரேஷன் தியேட்டரில் ஏறியதோடு இதுவும் சேர்ந்து, மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது. அறுக்க அம்மா விடவில்லை. அடிபட்ட உடம்பில் இரத்தக் குழாய்கள் ஒழுகும். ஏற்றுகிற நீர் உள்ளே நிற்காது. கை வீங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. குடலும் அப்படித்தான் ஊறிக் கிடக்கும், அசைய நாளாகும். டாக்டர் எங்களை ஒரு பிடி பிடித்தார். பிறகு உப்பு குறைவான ரிங்கர் லாக்டேட் டிரிப்புக்கு மாற்றி, அளவையும் பாதியாக்கினார்.

ஜூன் 6
“என் பிள்ளைக்கு மட்டும் ஏனம்மா பட்டினி?” அம்மாவின் கண் கலங்கிவிட்டது. இந்த முறை உட்கார்ந்து பேசினேன். கேழ்வரகுக் கொல்லையில் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “வேர் அழுகும்” என்றார். அதன் பிறகு ஸ்டூலை டிரிப் கம்பியருகே இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 7
சிறுநீர் மணிக்கு 90. கயிற்றுக்குள் என் சுண்டுவிரல் நுழைகிறது. மதியம் வாயு பிரிந்தது. வார்டில் அதற்கு மேல் நல்ல சேதி கிடையாது. ஸ்பூனில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். டிரிப்பை மூடினேன்.

“பாதி பாட்டில் வீணாகிறதே” என்றார் மாமா. அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.